பின்னணி வகுப்பில் ஒரு சம்மதம்

செந்தூர்வேல் அண்ணாச்சி வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை நான். ஆனால் தூத்துக்குடிப் பக்கத்தில் இருக்கிற எங்கள் புதுக்கோட்டை முழுக்கத் தெரிந்த ஒன்றை நான் மட்டும் சொல்லாமல் இருந்தால், எனக்கு ஏதோ தெரியாதது மாதிரி ஆகிவிடும். எதிர்வீட்டில் இத்தனை காலம் குடியிருந்ததற்கு அது அவமானம்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலி ரோட்டில் பலசரக்குக் கடை. ஒரே மகள் ரம்யா, தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்க்கிறாள். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்கு வந்த வரனும் ஒரு கப்பலில்தான் இருந்தான். உடன்குடி ராஜபாண்டி, நிலக்கரிக் கப்பலில் மூன்றாம் எஞ்சினியர்.

அந்தக் கப்பல் இந்தோனேசியாவிலிருந்து கரியை ஏற்றிக்கொண்டு வந்து, துறைமுகத்தில் இடம் காலியாகிற வரைக்கும் வெளியே நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. கடற்கரை ரோட்டில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். பிள்ளை ஊர் வாசலில் நிற்கிறான், ஆனால் இறங்க விட மாட்டார்கள். திரும்ப எந்த மாதம் இந்தப் பக்கம் வருவானோ, அதனால் இப்போதே பேசி முடித்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். அப்போதுதான் 3ஜி என்கிற மூன்றாம் தலைமுறை போன் வந்த புதிது. ‘முகம் பார்த்துப் பேசலாம்’ என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தட்டி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி ஒரு புது போனை வாங்கினார். கடலோசை டெலிகாம் என்கிற கம்பெனியின் சிம்மை அதில் போட்டார். எல்லாத் துன்பமும் அந்தச் சின்னத் தகட்டுக்குள்தான் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றுவதற்கு முன்னால், பெண்ணின் அப்பாவோடு பிறந்த மூத்த அக்கா மாப்பிள்ளையைப் பார்த்து மூன்று கேள்வி கேட்பாள். பெண் பிடித்திருக்கிறதா, வேறு யாரும் மனதில் இருக்கிறார்களா, நல்லா வைத்துக்கொள்வாயா. பதில் உடனே வர வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எச்சில் விழுங்கக்கூட இடம் இருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் அண்ணாச்சியின் அக்கா பிச்சம்மாள் ரொம்பக் கண்டிப்பு. காரணம் இருக்கிறது. அவளுடைய புருஷன் அன்றைக்கு ஒரு மடக்கு எச்சில் விழுங்கிவிட்டுத்தான் ‘புடிச்சிருக்கு’ என்றாராம். அந்த எச்சிலுக்கு என்ன அர்த்தம் என்பது, கோவில்பட்டியில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்த அன்றுதான் விளங்கிற்று. அன்றிலிருந்து பிச்சம்மாள் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

பெண் பார்க்கிற அன்றைக்குக் கேசரி கிண்ட ஆள் வேண்டும் என்று அண்ணாச்சியின் மனைவி பிரேமா என்னைக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். போனைச் செம்பில் சாய்த்து வைத்தார்கள். ராஜபாண்டியின் முகம் வந்தது. ஒரு கண் பாதி மூடியபடி அப்படியே உறைந்து நின்றது. இருந்தாலும் பையன் லட்சணம்தான். ரம்யா எதிரே வந்து உட்கார்ந்தாள். பிச்சம்மாள் தொண்டையைச் செருமினாள்.

“தம்பி, எங்க பிள்ளையப் புடிச்சிருக்கா?”

பதில் இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிச்சம்மாளின் முகம் மாறியது. எச்சில் விழுங்குகிற நேரமில்லை, ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம். பொறுக்க மாட்டாமல் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

“வேற யாரும் மனசுல இருக்காவளா?”

“ஆமா அத்தை” என்றது போன் சந்தோஷமாக. “போட்டோவப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

கேசரிக் கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. பிச்சம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்ப எங்க பிள்ளைய நல்லா வச்சுக்கிடுவீரா, மாட்டீரா?”

“சேச்சே, அந்த நெனப்பே கெடையாது அத்தை.”

“ஏய்யா, அப்ப அந்த இன்னொருத்திய என்ன செய்யப் போறீரு?”

“கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுவேன்” என்றான் ராஜபாண்டி. அத்தோடு போன் அணைந்தது.

ரம்யா மெதுவாக, “அத்தை, பதிலு ஒரு கேள்வி பிந்தி வருது” என்றாள். பெண் பார்க்கும்போது பெண் பேசக்கூடாது என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டார்கள். உள்ளே வந்தவள் விரலை மடக்கி மடக்கி எனக்கு விளக்கினாள். முதல் பதிலை முதல் கேள்விக்கு நகர்த்து, இரண்டாவதை இரண்டாவதுக்கு நகர்த்து, எல்லாம் சரியாக வருகிறதா இல்லையா? வந்தது. பையன் தங்கமான பதில்தான் சொல்லியிருக்கிறான். நான் முற்றத்துக்குப் போய் இதைப் பிச்சம்மாளிடம் சொன்னேன்.

“பதிலை எல்லாம் இப்படி ஒவ்வொண்ணா நகட்டி வச்சா, உலகத்துல எல்லா ஆம்பளையும் நல்லவந்தாண்டி” என்றாள் பிச்சம்மாள். “எங்க வீட்டு ஆளு சொன்னதையும் நகட்டிப் பாக்கட்டுமா?”

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, “தாயி, இது போன்ல உள்ள கோளாறு” என்றார்.

“போன்ல கோளாறுன்னா போன் கம்பெனிக்காரன் வந்து எம் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். அப்ப நம்புதேன்.”

கப்பல் நிற்கிற வரைக்கும் பொறுப்பது என்று பேச்சு. தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் உடன்குடி பஸ் ஏறினார்கள். அன்று ராத்திரி ரம்யா சாப்பிடவில்லை என்று பிரேமா சொன்னாள். அண்ணாச்சியிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“அப்பா, அவ்வோ சரியாத்தான் சொன்னாவ.”

மறுநாள் அண்ணாச்சி கடையை மைத்துனன் பொறுப்பில் விட்டுவிட்டு, பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கிற கடலோசை டெலிகாமுக்குப் போனார். வாசலில் ‘சேவைத் தர மேன்மை மையம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே நடந்ததெல்லாம் அவரே சொன்னதுதான். அவர் சொல்ல வெட்கப்பட்டதைப் பிரேமா சொன்னாள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வரவேற்பில் ஒரு பெண் காதில் மைக் மாட்டிக்கொண்டு சிரித்தபடி இருந்தாளாம். எதிரே ஒருவரும் இல்லாதபோதும் சிரித்தாளாம்.

“சார், எங்க நெட்வொர்க்ல போற எல்லாத்தையும் நாலு வகுப்பா பிரிச்சிருக்கோம்” என்றாள். “முதல் வகுப்பு உரையாடல். பேச்சுங்கிறது காத்திருக்கவே கூடாது. ரெண்டாவது ஓட்டம், பாட்டு, படம் மாதிரி. தொடங்க லேட்டாகலாம், தொடங்கினா நிக்கக் கூடாது. மூணாவது ஊடாட்டம். ஒண்ணு கேட்டா ஒண்ணு வரணும், கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம். நாலாவது பின்னணி. அது வரும்போது வரும். ஆனா வந்தா ஒரு எழுத்துகூட தப்பா இருக்காது. போன்ல நல்லா வேலை செய்யுதுன்னு இப்ப ஆபீஸ்லயும் இதே முறையைக் கொண்டு வந்திருக்கோம்.”

அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். புதிதாக சிம் வாங்க வந்தவர்கள் உரையாடல் வகுப்பு. அவர்களுக்கு மெத்தை நாற்காலி, உட்காருவதற்குள் ஓர் ஆள் ஓடிவந்து பேசினான். திட்டம் மாற்ற வந்தவர்கள் ஓட்ட வகுப்பு. ஒரு பெரிய டி.வி.யில் கம்பெனியைப் பற்றிய படம் ஓடிக்கொண்டே இருந்தது, படம் முடிகிற வரை அவர்கள் எழுந்திருக்கக் கூடாது. பணம் கட்ட வந்தவர்கள் ஊடாட்டம், கண்ணாடித் துவாரம் வழியாகக் கையை நீட்டினால் ரசீது வந்தது.

“நான் புகார் சொல்ல வந்தேம்மா.”

“அது பின்னணி சார்” என்று அவள் தூணுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு காலித் தண்ணீர் கேனும் கிடந்தன.

அங்கே ஏற்கெனவே ஒருவர் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். திரேஸ்புரம் கிளைட்டன். சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறவர்.

“எதுக்கு வந்திருக்கீரு?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“ஞாபகம் இல்ல அண்ணாச்சி. தொடக்கத்துல கடலுக்குள்ள போன் எடுக்கலன்னுதான் வந்தேன். இப்ப கடலுக்குப் போகாத நாளெல்லாம் இங்கன வந்துருவேன். ஏசி இருக்குல்லா.”

“ஏசி காத்து இந்தப் பக்கம் வரக் காணமே.”

“வரும். வரும்போது வரும்.”

அண்ணாச்சி தன் கதையைச் சொன்னார். கிளைட்டன் கேட்டுவிட்டுத் தொடையில் தட்டினார். “அந்தக் கரிக் கப்பலா? நாங்க அது பக்கமாத்தான வலை விடுதோம். கிட்டக்கப் போனா விரட்டுவான். ஆனா நின்னு கத்துனா கேக்கும். உம்ம அக்காவ வள்ளத்துல ஏத்தும், நேராக் கேட்டுக்கிடட்டும்.”

அண்ணாச்சி யோசித்துப் பார்த்தார். பிச்சம்மாள் ஆத்தூர்ப் பாலத்தில் பஸ் போகும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவள். அவளை வள்ளத்தில் ஏற்றுவதைவிடக் கப்பலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவருவது சுலபம் என்று தோன்றியதால், தூணுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தடவை போனபோது அவரை உள்ளே கூப்பிட்டார்கள். சேவைத் தர மேலாளர் அபிலாஷ், சின்னப் பையன், கழுத்தில் டை, மேசையில் நாலு கேடயம். அண்ணாச்சி நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அபிலாஷ் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தான்.

“சார், கால் ரொம்ப அருமையா போயிருக்கு.”

“எப்படித் தம்பி?”

“நீங்க நினைக்கிறீங்க, பேசினோம்னு. நீங்க பேசல. வீடியோ ஆப்ல போட்டிருக்கீங்க. சாதாரண போன்ல கூப்பிட்டாத்தான் எங்களுக்கு அது பேச்சு. ஆப்ல போட்டா அது டேட்டா. உங்க திட்டத்துல டேட்டா எல்லாமே பின்னணி வகுப்பு. அதாவது நீங்க பார்சல் அனுப்பியிருக்கீங்க, அவரும் பார்சல் அனுப்பியிருக்காரு.”

“எம் மக கல்யாணம்யா அது.”

“நெட்வொர்க்குக்குக் கல்யாணம்னு தனி வகுப்பு கிடையாது சார்.”

“சரி, பார்சலுன்னே வச்சுக்கிடுவோம். லேட்டா வந்துச்சா இல்லையா? அதை மட்டும் வந்து எங்க அக்காகிட்டச் சொல்லிருங்க.”

அபிலாஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி விரலை உயர்த்தினான். “இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. லேட்னா என்ன? இத்தனை மணிக்கு வரணும்னு சொல்லி, அதைத் தாண்டி வந்தா லேட். பின்னணி வகுப்புக்கு எப்ப வரணும்னு நாங்க சொல்லவே இல்லையே. நேரமே குறிக்காத ஒண்ணு எப்படி சார் லேட்டாகும்? அதனாலதான் அந்த வகுப்புல எங்க தாமதம் சுத்தமா பூஜ்யம். அந்தக் கேடயம் அதுக்குக் கொடுத்ததுதான்.”

அண்ணாச்சி கேடயத்தைப் பார்த்தார். பளபளவென்றுதான் இருந்தது.

“இன்னொண்ணு கவனிங்க. அவர் சொன்னதுல ஒரு எழுத்து குறைஞ்சுதா? வரிசை மாறிச்சா? முதல்ல சொன்னது முதல்ல, ரெண்டாவது சொன்னது ரெண்டாவது. அவ்வளவு ஒழுங்கா நாங்க கொண்டு வந்து சேர்த்திருக்கோம். முதல் பதில் வர்றதுக்குள்ள அடுத்த கேள்வியைக் கேட்டது யாரு?”

“எங்க அக்கா.”

“அங்கதான் பிரச்சினை. அவங்களுக்குப் பயிற்சி தேவை.”

இதை அக்காவிடம் சொல்ல அண்ணாச்சிக்குத் தைரியம் இல்லை. வேறு வழி உண்டா என்று கேட்டார். இருந்தது. ‘உரையாடல் தங்கம்’ என்று ஒரு திட்டம். அதில் சேர்ந்தால் ஆப்பில் பேசினாலும் பேச்சு பேச்சாகவே மதிக்கப்படும், மற்றவர்களுடைய பாட்டும் படமும் ஓரமாக ஒதுங்கி வழிவிடும். அண்ணாச்சி ஓட்ட வகுப்புக்கு உயர்ந்து, படத்தை முழுதும் பார்த்துவிட்டுத் தங்கத்தில் சேர்ந்து வந்தார்.

அடுத்த நல்ல நாளில் மறுபடியும் கேசரி. உடன்குடிக்காரர்கள் மறுபடியும் தட்டோடு வந்தார்கள். இந்தத் தடவை ராஜபாண்டியின் முகம் பளிச்சென்று வந்தது. “அத்தை, வணக்கம்” என்றது பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்ட மாதிரி கேட்டது. பிச்சம்மாளே லேசாகச் சிரித்தாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

“எங்க பிள்ளையப் புடிச்சிருக்கா தம்பி?”

சத்தமே இல்லை. வாயை இறுக மூடியபடி முகம் நின்றுவிட்டது. பிச்சம்மாள் இந்தத் தடவை அவசரப்படவில்லை. விரலால் தரையைத் தட்டிக்கொண்டு காத்திருந்தாள். சுவரில் பல்லி இரண்டு தடவை சொல்லிற்று, மாப்பிள்ளை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். மூன்றாவதையும் கேட்டாள். கடைசி வரை ஒரு சொல் வரவில்லை.

“முதல்ல ஏறுக்குமாறாப் பேசுனான். இப்ப ஊமையா இருக்கான்” என்று பிச்சம்மாள் எழுந்துவிட்டாள். “ஏலே செந்தூரு, இதுக்கு மேல எம் பிள்ளையக் கப்பலுக்குக் கட்டிக் குடுக்கச் சொல்லாத.”

உள்ளே ரம்யா என் தோளில் சாய்ந்தாள். நானும் எத்தனையோ வீட்டில் அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யார் மேலாவது கோபப்பட்டு அழுவார்கள். இவளுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்றைக்கே ஓடினார். தங்கம் என்பதால் அபிலாஷ் உடனே பார்த்தான்.

“தம்பி, இந்தத் தடவை பதிலே வரலியே!”

“வராது சார். நீங்க இப்ப உரையாடல் வகுப்பு. பேச்சு தாமதமா வந்தா அது பேச்சே இல்ல, இரைச்சல். கடல்ல சிக்னல் கம்மியானதால அவரோட பதில் கொஞ்சம் பிந்திடுச்சு. பிந்தினதைக் கொடுத்தா எங்க தரம் கெட்டுடும். அதனால தூக்கிப் போட்டுட்டோம்.”

“எதைத் தூக்கிப் போட்டீய?”

“அவர் சொன்ன மூணு பதிலையும்.”

அண்ணாச்சி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். “எங்கன போட்டீய? பொறுக்கித் தர முடியாதா?”

“அதெல்லாம் திரும்பி வராது சார். பின்னணியா இருந்திருந்தா பத்திரமா இருந்திருக்கும்” என்றான் அபிலாஷ், வருத்தத்தோடுதான். “நீங்கதான் உயர்த்திக்கிட்டீங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆபீசில் அழுதேன் என்று அண்ணாச்சி பிரேமாவிடம் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டே கேட்டது ஒன்றுதான். தயவுசெய்து ஒரு தடவை வீட்டுக்கு வந்து, நடந்ததை நடந்தபடி எங்க அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அபிலாஷுக்கும் மனம் இளகியது. அடுத்த வாரம் கம்பெனியின் ‘தர வாரம்’ என்றும், அப்போது வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போக வேண்டியிருப்பதால் கட்டாயம் வருவதாகவும் சொன்னான்.

சொன்னபடி வந்தான். கூடவே ஒரு பேனர், ஒரு கேக், போட்டோ எடுக்க ஓர் ஆள். எங்கள் தெருவே திரண்டது. அண்ணாச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, ‘பொறுமை மிகு வாடிக்கையாளர்’ என்று சால்வை போர்த்தினார்கள். அண்ணாச்சி சால்வைக்குள்ளிருந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிச்சம்மாள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“கடலோசை குடும்பத்தின் அன்பு உறவுகளே!” என்று அபிலாஷ் தொடங்கினான். “இந்த வட்டாரத்துல எங்க சேவைத் தரம் நூற்றுக்கு நூறு. எப்படின்னு கேப்பீங்க. ஒரு புகாரை விசாரிச்சு முடிச்சாத்தான் அது கணக்கில ஏறும். நாங்க புகார்களைப் பின்னணி வகுப்புல வெச்சிருக்கோம். அங்க எதுவும் அவசரப்பட்டு முடியறதில்ல. அதனால இன்னைக்குத் தேதி வரைக்கும் கணக்கில ஏறின புகார் ஒண்ணுகூட இல்ல!”

போட்டோக்காரன் கைதட்டினான். ஒருவன் தட்டினால் நாமும் தட்டத்தானே வேண்டும், நானும் தட்டினேன்.

பிச்சம்மாள் முன்னால் வந்தாள். “ஏ தம்பி, சுத்தி வளைக்காம எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லும். அன்னைக்கு எங்க போன்ல கோளாறு இருந்துச்சா, இல்லியா?”

அபிலாஷ் அண்ணாச்சியைப் பார்த்தான். பேனரைப் பார்த்தான். போட்டோ எடுக்கிறவன் படம் பிடித்துக்கொண்டிருந்தான், அது மதுரையில் மேலதிகாரி பார்க்கப் போகிற படம்.

“அம்மா” என்றான் குழைவாக, “கோளாறுங்கிற வார்த்தையே எங்க நெட்வொர்க்ல கிடையாது.”

“கேட்டியாலே செந்தூரு?” என்றாள் பிச்சம்மாள். “கம்பெனிக்காரனே வந்து சொல்லிட்டான்.”

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அபிலாஷ் கேக்கை ஊட்டிவிட்டான். அந்தப் போட்டோ இப்போதும் கம்பெனி வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வாய் நிறைய கேக்கும் கண் நிறைய தண்ணீருமாக அண்ணாச்சி. கீழே ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் ரம்யா ஆபீசிலிருந்து வந்து, சரக்குக்காரர்கள் அந்தக் கப்பலைக் காக்கிநாடாவுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று சொன்னாள். அங்கே இறக்கிவிட்டு நேரே இந்தோனேசியா. அண்ணாச்சி கடற்கரை ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர் நின்றது. தங்கத் திட்டத்தின் காலமும் முடிந்து, போன் தானாகவே பழையபடி பின்னணிக்கு இறங்கிவிட்டது. ‘ரஜினி குரலில் ரிங்டோன் வேண்டுமா’ என்கிற மாதிரி கம்பெனி அனுப்புகிற விளம்பரங்கள் மட்டும் அப்போதும் சொல்லிவைத்தாற்போல் வந்து விழுந்தன. அவை எந்த வகுப்பு என்று யாரும் அண்ணாச்சிக்குச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் போனதும் ஏரலிலிருந்து ஒரு வரன் வந்தது. பாண்டியராஜன், பாத்திரக்கடை. நேரிலேயே வந்து எதிரே உட்கார்ந்திருந்தான், நடுவில் போனும் இல்லை கடலும் இல்லை. பிச்சம்மாளுக்கு அதிலேயே பாதித் திருப்தி. ரம்யா தலை குனிந்தபடி இருந்தாள். மேசை மேல் அண்ணாச்சியின் போன் சார்ஜில் கிடந்தது. நான் கேசரியோடு நின்றேன்.

“எங்க பிள்ளையப் புடிச்ச…”

“புடிச்சிருக்கு அத்தை” என்றான் பாண்டியராஜன். கேள்வி முடியக்கூட இல்லை. பிச்சம்மாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தம்பியைப் பார்த்து, ‘இதுதாம்லே பதிலு’ என்கிற மாதிரி தலையை ஆட்டினாள்.

“வேற யாரும் மனசுல…”

“அதெல்லாம் நல்லா வச்சுக்கிடுவேன் அத்தை.”

பிச்சம்மாளின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா மகனை முழங்கையால் இடித்தாள். வீட்டில் மூன்று பதிலையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருப்பாள் போல, பையன் நடுவில் ஒன்றை விட்டுவிட்டான்.

“நான் இன்னும் அதக் கேக்கவே இல்லியே ஐயா” என்றாள் பிச்சம்மாள்.

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சீலிங்கைப் பார்த்தாள்.  அப்போது அண்ணாச்சியின் போன் ‘டிங்’ என்றது.

ரிங்டோன் விளம்பரமாக இருக்கும் என்று அணைக்கத்தான் ரம்யா எடுத்தாள். பார்த்தவள் அணைக்கவில்லை. விரலால் ஒரு தடவை தொட்டாள். எஞ்சின் சத்தம் கேட்டது, அதற்கு மேலே ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது.

“அத்தை, ராஜபாண்டி பேசுதேன். போன்ல எதுவும் சரியாச் சேரலன்னு அப்பா சொன்னாவ. அதான் மொத்தமாப் பேசி அனுப்புதேன். ஒண்ணு, எனக்குப் புடிச்சிருக்கு. ரெண்டு, வேற யாரும் கெடையாது. மூணு, கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுவேன். நாளைக்குக் கப்பல் கெளம்புது. கெளம்புததுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் நிம்மதியாப் போவேன்.”

கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் அனுப்பியது, இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அபிலாஷ் சொன்னது பொய்யில்லை. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. வரிசையும் மாறவில்லை.

ஏரல்காரர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. பிச்சம்மாள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வியும் பதிலும் ஒரு தடவைகூட ஒட்டி நிற்கவில்லை. ஆனாலும் பையன் இடையில் எச்சில் விழுங்கவில்லை. விழுங்கியது அவள்தான், நான் பார்த்தேன்.

“ஏளா” என்றாள் ரம்யாவிடம், “சரின்னு சொல்லு.”

அண்ணாச்சி ராஜபாண்டிக்குப் போன் போட்டார். எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் இரண்டு மொழியில் சொல்லிற்று. உடன்குடிக்குப் போட்டார். பதில் வராததால் பையன் மனம் வெறுத்து, அடுத்த ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்றும், பேசவே மாட்டேன் என்கிறான் என்றும், எந்தக் கடலில் இருக்கிறானோ தெரியவில்லை என்றும் அவன் அப்பா சொன்னார். அதனால் ரம்யா அதே ஆப்பில், அதே குரலுக்குக் கீழே, ‘சரி’ என்று எழுதி அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழுமாம். ஒன்றுதான் விழுந்திருக்கிறது. அண்ணாச்சி மறுபடியும் கடலோசைக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், கிளைட்டன் அவருக்கும் சேர்த்துத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருகிறாராம். எங்கள் தெருவில் காலையில் வாசல் தெளிக்கிறபோதெல்லாம் பிச்சம்மாளின் குரல் எதிர்வீட்டிலிருந்து கேட்கிறது.

“ஏளா, போயிருச்சா?”

“இல்லத்தை.”

“வரும்போது வரும்னு சொன்னாவளாம்லா அந்தக் கம்பெனியில” என்று சொல்லிக்கொண்டு, பிச்சம்மாள் போனை வாங்கி ஜன்னலில் கடல் இருக்கிற பக்கமாகத் திருப்பி வைக்கிறாள்.